மத்தியானத் திரை

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று பதிவுகள் முடித்தேன். இரண்டு குறட்டைக்காரர்கள், ஒரு தையல்காரர். வருஷக்கணக்காகக் கண்ணே மூடவில்லை என்று தையல்காரர் எங்கள் ஆய்வக டாக்டரம்மாவிடம் அழுதாராம். பதிவில் மனிதர் தூங்குகிறார்தான், ஆனால் மேலோட்டமாக. ஆழ்ந்த தூக்கத்தில் வரும் அந்த மெதுவான பெரிய அலைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டிவிட்டுப் போய்விடுகின்றன. தூக்க ஆய்வகத்தில் ராத்திரி பதிவாகும் மூளை அலைகளை மறுநாள் பகலில் என் வீட்டு மேசையில் பக்கம் பக்கமாகப் புரட்டி, இது விழிப்பு, இது அரைத்தூக்கம், இது ஆழ்தூக்கம் என்று குறிப்பதுதான் என் பிழைப்பு. ஊரார் தூக்கத்தில் சாப்பிடுகிறவள் என்று வண்டு கேலி செய்வாள்.

வண்டு என் தங்கை. ஓரிடத்தில் உட்காரமாட்டாள் என்று அப்பா வைத்த பெயர். கண்ணாடிக் கடைப் பட்டறையில் லென்ஸ் தேய்க்கிறாள். இன்று வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். யாரோ ஒருவருக்கு இடது கண் பவரை வலது கண்ணுக்குப் போட்டுவிட்டாளாம். இது முதல் தடவை இல்லை. முதலாளி சத்தம் போடாமல், கொஞ்ச நாள் முன்னால் உட்கார்ந்து பில் போடும்மா என்று சொல்லிவிட்டார்.

"திட்டியிருந்தா பரவாயில்லக்கா. பாவம் பாத்தாரு பாரு, அதான் தாங்கல."

சாப்பிட உட்கார்ந்து, தட்டில் கை வைத்தபடியே தூங்கிப்போனாள். அப்பா மட்டும் தெளிவாக இருந்தார். "வண்டுக்கு என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். மத்தியானம் முழுவதும் தூங்கி எழுந்தவர் தெளிவாக இல்லாமல் என்ன செய்வார்.

மார்ச் 6, வியாழன்

அம்மா போன பிறகு அப்பாவை இங்கே அழைத்து வந்தபோது நானும் வண்டுவும் செய்துகொண்ட ஏற்பாடு எளிமையானது. இரண்டு பேரும் ஒண்டிக்கட்டைகள், பங்கு போட ஆள் இல்லை. பகல் என்னுடையது, ஏனென்றால் நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். இரவு அவளுடையது, ஏனென்றால் அவள் அறை அப்பாவின் அறைக்குப் பக்கத்தில். நியாயமான பங்கு என்று அப்போது தோன்றியது.

அப்பாவுக்கு மறதி. பகலில் அது பெரிய தொல்லை இல்லை, பேரை மாற்றுவார், சாப்பிட்டதை மறப்பார். ராத்திரிதான் வேறு ஆளாகிவிடுகிறார். முப்பது வருஷத்துக்கு மேல் லிப்ட் பழுது பார்த்தவர். எழுந்து, எங்கேயோ ஒரு லிப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று கதவு கதவாகத் தட்டுகிறார். "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று அலமாரிக்குள் குரல் கொடுக்கிறார். வாசல் கதவைத் திறந்துகொண்டு கிளம்புகிறார். வண்டு கூடவே போய், ஆட்களையெல்லாம் இறக்கியாச்சுப்பா என்று சொல்லிச் சொல்லிக் கூட்டி வருகிறாள். படுக்கவைத்துத் திரும்பினால் மறுபடியும். நான் மாடியில் படுக்கிறேன், எனக்கு ஒன்றும் கேட்பதில்லை.

இன்றும் சாப்பிட்டதும் அவர் அறைத் திரையை இழுத்துவிட்டேன். மாலை வரை தூங்கினார். எழுப்பவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வண்டு எனக்குச் சொல்லாமல் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். சுத்தமாக இருக்கிறதாம். அப்பாவுக்குத் தரும் அறையில் பெரிய ஜன்னல் இருக்கிறதாம். ஏப்ரல் முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

ஜன்னலைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் அழுதாள். "நான் கெட்டவளாடீ ஆயிட்டேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன் ஆபீஸ் மெஷின அப்பாவுக்கு ஒரு தடவ மாட்டிப் பாரேன். டாக்டரம்மா ஏதாவது வழி சொன்னா அவர் இங்கேயே இருக்கட்டும். இல்லைன்னா என்னால முடியாதுக்கா" என்றாள்.

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் ஏன் ராத்திரி தூங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரியாதவள் மாதிரி நின்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சின்ன ரெக்கார்டரைக் கேட்டு வாங்கி வந்தேன். மாத்திரை ஏதாவது கொடுத்தால் அதற்குப் பின்னாலும் ஒரு தடவை பதிவு செய்யலாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. சாயந்திரம் அப்பாவின் தலையில் வகிடு பிரித்துப் பசை தடவி ஒவ்வொரு வயராக ஒட்டினேன். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "எந்த மாடிக்கு லைன் இழுக்கிற? கலரைக் குழப்பிடாதே" என்று மேற்பார்வை பார்த்தார்.

மார்ச் 12, புதன்

எழுதிவிட வேண்டும். இங்கேயாவது.

ராத்திரிப் பதிவு எதிர்பார்த்த மாதிரிதான். விழிப்பு, அரைத்தூக்கம், விழிப்பு. ஆழ்தூக்கம் மருந்துக்குக்கூட இல்லை. வயதானால் அந்த அலைகள் சிறுத்துப்போவது சகஜம், அப்படித்தான் என்று யாரும் நினைத்துக்கொள்வார்கள்.

காலையில் நான் வயர்களைக் கழற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதப் பேனா போகிறது. இல்லை, வேண்டுமென்றேதான் விட்டேன், பார்க்க ஆசையாக இருந்தது. மத்தியானம் திரையை இழுத்தேன். படுத்த சிறிது நேரத்தில் அலைகள் எழும்ப ஆரம்பித்தன. இந்த வயதுக்கு அப்படி ஒரு வரிசையை நான் அதிகம் பார்த்ததில்லை. அழகாக இருந்தது.

ஆய்வகத்துக்கு வருகிறவர்களுக்கு இதை நான் எத்தனை தடவை விளக்கியிருக்கிறேன்! விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் களைப்பு சேர்ந்துகொண்டே வருகிறது. எவ்வளவு நேரம் விழித்திருந்தோமோ, எவ்வளவு வேலை வாங்கினோமோ, அவ்வளவு சேரும். படுத்ததும் மூளையின் செல்கள் கூட்டம் கூட்டமாக ஒன்றாக அடங்கி, ஒன்றாக எழுந்து, மறுபடி ஒன்றாக அடங்கும். அதுதான் அந்த மெதுவான அலை. சேர்ந்த களைப்புக்குத் தக்கபடி அலை உயரும். தூங்கத் தூங்கக் களைப்பு கரையும், அலையும் தாழும். ஆகவே பகலில் நீண்ட நேரம் தூங்காதீர்கள், சாப்பாட்டுக்கு முன்னால் நொறுக்குத்தீனி தின்ற மாதிரி ராத்திரிக்குப் பசி இருக்காது என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் தினமும் சாப்பாடானதும் திரையை இழுத்துவிடுகிறேன்.

முதலில் வேலைக்காகத்தான். அவர் விழித்திருந்தால் ஒரு பக்கம் புரட்ட முடியாது, கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிப் பழுது பார்ப்பார். பிறகு வேலை இல்லாத நாளிலும் இழுத்தேன். அந்த மூன்று மணி நேரம் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. நானும் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்வேன். சொல்லப்போனால் அதற்காகவே காலையிலிருந்து காத்திருப்பேன். அப்பாவின் ராத்திரித் தூக்கத்தை மத்தியானமே செலவழித்துவிட்டு, வெறும் ராத்திரியை வண்டுவிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பதிவை அனுப்பும்போது மத்தியானப் பகுதியை வெட்டிவிட்டேன். இரண்டு சொடுக்கு, அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

டாக்டரம்மா போனில் கேட்டார். "பகல்ல தூங்குறாரா?"

"சும்மா கண்ண மூடி உக்காந்திருப்பார் டாக்டர்."

பல்லியை விழுங்கின மாதிரி இருந்தது. என்மேல் சந்தேகப்பட அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தலைமுடி முழுக்கக் கறுப்பு. ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையை எனக்குத் தெரியும். ஆளை அமுக்கிப் போடும், அலையை எழுப்பாது.

வண்டு மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பரீட்சை முடிவு வந்தவள் மாதிரி முகம்.

மார்ச் 17, திங்கள்

அப்பா விழுந்துவிட்டார். விடிகாலையில் மாத்திரை மயக்கத்தோடே எழுந்து போய், கழுவும் தொட்டியின் விளிம்பில் மோதிக்கொண்டிருக்கிறார். புருவத்தில் தையல். எலும்புக்கு ஒன்றுமில்லை. "எந்த மாடியில நின்னுச்சு?" என்று நர்ஸைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் கண்ணசந்துட்டேன்க்கா. கொஞ்ச நேரந்தான். என்னாலதான்."

உன்னால் இல்லை என்று சொல்லி முதுகைத் தடவினேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஆறுதல் சொல்கிறேனாம்! அவள் சட்டையில் அப்பாவின் ரத்தம் பட்டிருந்தது, அதைத் துடைப்பது போல் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டேன். ஏன் வாய் வரவில்லை? அந்த பெஞ்சிலேயே சொல்லியிருக்கலாமே. பக்கத்தில் ஆள் இருந்தார்கள் என்பது ஒரு சாக்கு. அவள் சாய்ந்தது எனக்கு வேண்டியிருந்தது. அதுதான் உண்மை.

மார்ச் 18, செவ்வாய்

இனி மாத்திரையை நானே சாயந்திரம் குறைந்த அளவில் கொடுத்துவிடுகிறேன் என்று வண்டுவிடம் சொன்னேன். கொடுக்கவில்லை, அட்டையோடு குப்பையில் போட்டுவிட்டேன். இன்னொரு பொய். இது நல்லதற்கு என்று சொல்லிக்கொள்கிறேன்.

மத்தியானம் திரையை இழுக்கவில்லை. அப்பாவுக்குப் பயங்கரக் கோபம். கண் எரிகிறது என்றார், உன் அம்மாவிடம் சொல்கிறேன் என்றார். பக்கத்தில் உட்காரவைத்துப் பதிவைப் புரட்டப் பார்த்தேன், கம்ப்யூட்டர் திரையில் ஓடும் கோடுகளை விரலால் அழிக்கப் பார்த்தார். முடியாமல் செருப்பை மாட்டிக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு பழைய லிப்ட் இருக்கிறது. காவலாளியிடம் கேட்டு ஏற்றினேன். மேலே, கீழே, மேலே, கீழே. அப்பா சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். தூக்கம் போன இடம் தெரியவில்லை. ஏறி இறங்குகிறவர்களுக்கெல்லாம் எந்த மாடி என்று கேட்டு அவரே பொத்தானை அழுத்தினார்.

வேலை அப்படியே கிடக்கிறது. எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது.

மார்ச் 20, வியாழன்

நேற்று ராத்திரி ஒரே ஒரு தடவைதான் எழுந்தாராம்.

மார்ச் 21, வெள்ளி

இன்றும் லிப்ட். காவலாளி அப்பாவுக்கு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறார்.

ரெக்கார்டரை நாளை திருப்பிக் கொடுக்க வேண்டும். இனி அப்பாவுக்குத் தேவைப்படாது, அப்படியே கொடுத்துவிடுகிறேன் என்றேன். வண்டு நல்ல மனநிலையில் இருந்தாள். "எனக்கு மாட்டி விடு. என் தலைக்குள்ள மூளைன்னு ஒண்ணு இருக்கான்னு முதலாளிக்குக் காட்டணும்" என்றாள். சிரித்துக்கொண்டே ஒட்டினேன். சின்ன வயதில் அவளுக்குப் பேன் பார்த்த தலை. முன்னால் நரை ஓடியிருக்கிறது, இவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 22, சனி

நேற்று ராத்திரி அப்பா எழுந்திருக்கவே இல்லை. வண்டுவும் எழுந்திருக்கவில்லை. காலையில் வயர்களோடு சமையலறைக்கு வந்து நின்றாள், முகமெல்லாம் தலையணைக் கோடு. இப்படி அவளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. "அந்த மாத்திரைக்கு மாலை போடணும்க்கா. கொஞ்சமா கொடுத்ததுக்கே இப்படி வேலை செய்யுதே" என்றாள். இல்லத்துக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லலாமா, இன்னும் சில நாள் பார்க்கலாமா என்று என்னைக் கேட்டாள். எனக்கு நன்றி வேறு சொன்னாள்.

அவள் வேலைக்குப் போன பிறகு பதிவைத் திறந்தேன்.

முதல் சில பக்கங்கள்தான் சாதாரணம். உடனே விழுந்துவிட்டாள், கிணற்றில் கல் விழுகிற மாதிரி. அப்புறம் அலை. பக்கத்துக்குப் பக்கம் அலை. கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மோதுகின்றன, அளவைச் சுருக்கினால்தான் திரையில் அடங்குகின்றன. நாற்பதைத் தாண்டியவளுக்கு! பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம்தான் இந்த உயரத்தைப் பார்த்திருக்கிறேன். ஓர் இடத்தில் தெருவில் ஏதோ சத்தம் கேட்டிருக்க வேண்டும், அலை லேசாகக் கலைகிறது, உடனே மறுபடி மூடிக்கொள்கிறது. அவள் மூளை எழுந்திருக்க மறுக்கிறது.

விதி இருக்கிறதே, நான்தானே ஊருக்கெல்லாம் சொல்கிறேன் - எவ்வளவு களைப்போ அவ்வளவு அலை. அப்படியானால் இது என்ன? இது நான் எடுத்தது. ஒவ்வொரு மத்தியானமும் நான் சாய்ந்து கிடந்தேனே, அது. அய்யோ வண்டு, என்னடி பண்ணி வச்சிருக்கேன் உன்ன. தெரிஞ்சே பண்ணியிருக்கேன். கீழ ரூம்ல நீ செத்துக்கிட்டிருந்தே, நான் மேல போத்திக்கிட்டுத் தூங்கினேன். அந்த லென்ஸை மாத்திப் போட்டது நீ இல்லடி.

ஒரு பக்கம் விடாமல் குறித்தேன். ஆழ்தூக்கம், ஆழ்தூக்கம், ஆழ்தூக்கம். வேறு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று தெரியவில்லை.

சாயந்திரம் கேட்டாள். "என்ன, மூளை இருக்கா?"

"இருக்கு. அலையெல்லாம் ரொம்பப் பெருசு."

"அது நல்லதா?"

நல்லது என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அப்பா முற்றத்தில் உட்கார்ந்து பழைய பூட்டு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். வண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் அலையைக் காட்டினேன், அது ஏன் அவ்வளவு பெரிது என்று சொன்னேன். மாத்திரையைக் குப்பையில் போட்டதையும், மத்தியானத் திரையையும், பதிவை வெட்டியதையும், டாக்டரம்மாவிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். பேச்சு கோர்வையாக வரவில்லை. நடுவில் களைப்பு, அலை என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன், எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த துண்டை முழுவதும் மடித்து, அடுக்கின்மேல் வைத்த பிறகுதான் பேசினாள்.

"தெரியாம பண்ணியிருந்தா ரெண்டு வார்த்தை திட்டிட்டு விட்டிருப்பேன். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அவரக் கொண்டு போய் விட்டிருப்பேன்க்கா. விட்டுட்டு, என்னால பாத்துக்க முடியலன்னு காலம் பூரா என்னையே திட்டிக்கிட்டு இருந்திருப்பேன். நீ அதையும் பாத்துக்கிட்டு இருந்திருப்பே."

நான் சொல்லியிருப்பேனா, ஏப்ரல் முதல் தேதிக்கு முன்னால்? அப்பா விழாமல் இருந்திருந்தால்?

துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மாடியில் என் கட்டில் இழுபடும் சத்தம் கேட்டது.

மார்ச் 24, திங்கள்

கட்டில் மாறிவிட்டது. வண்டு மாடியில், நான் அப்பாவின் பக்கத்து அறையில். அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, சேர்ந்தே இறக்கினோம். படிக்கட்டில் "பாத்து" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள், அதுவும் கட்டிலைத்தான்.

டாக்டரம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். மருந்து எழுதியது நான், விழுந்தது உங்கள் அப்பா, நடுவில் நீங்கள் வெட்டிய துண்டு என்றார். இனிமேல் நான் குறிக்கும் ஒவ்வொரு பதிவையும் இன்னொருவர் சரிபார்ப்பார். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

ராத்திரி இரண்டு தடவை எழுந்தார். லிப்ட் மூன்றாவது மாடியில் நின்றுவிட்டதாம். ஆட்களை இறக்கிவிட்டுப் படுத்தோம். இரண்டு தடவைக்கே எனக்குக் காலையில் அடுப்பில் பாலை வைத்தது மறந்துபோயிற்று. அவள் எப்படி இத்தனை நாள்?

ஏப்ரல் 1, செவ்வாய்

வண்டு இல்லத்துக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் கேட்க வேண்டும் என்றோ என்னவோ, கூடத்தில் நின்றே பேசினாள். என்னிடம் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவில்தான் எங்கள் பேச்சு.

ஏப்ரல் 8, செவ்வாய்

அவளை மறுபடி பட்டறைக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்கும் கேட்டது.

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்று அப்பாவுக்கு ஜலதோஷம். ராத்திரி முழுவதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார், நானும். இன்று சாப்பாடானதும் மேசையில் தலையைச் சாய்த்தேன். ஒரு நிமிஷம் என்று நினைத்தேன். யார் திரையை இழுத்துவிட்டதோ, நானேதானோ, அறை இருட்டாக இருந்தது.

தோளில் கை. வெளிச்சம் கண்ணில் குத்தியது. வண்டு ஜன்னலோரம் போய் மீதித் திரையையும் விலக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்திரி. இப்ப தூங்கினா ராத்திரி உனக்குத் தூக்கம் வராது."

எனக்கு உடனே எழுந்திருக்க முடியவில்லை. அவள் போகாமல் நின்றாள். வாசலில் அப்பா ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் என் செருப்புமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு காத்திருந்தார்.

"மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றாள் வண்டு. "அந்த லிப்டை நானும் பாக்கணும்."

கழுவிக்கொண்டு போனேன்.